இரும்பு இருந்தது... கரி இல்லை!

கதிர் அரிவாளைக் காய்ச்சி அடிக்க, மாமாவோடு பாகூர்ப் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போயிருந்தேன். துருத்தியை நிறுத்திவிட்டுக் கொல்லர் சொன்னார்: "இரும்புக்குப் பஞ்சமில்ல தம்பி. பழைய லாரிப் பட்டை கிடைச்சிடுது. கரிக்குத்தான் அலையறேன்."

இதே கவலை, சுமார் 190 வருடங்களுக்கு முன்பு ஒரு பெரிய ஆலைக்கும் இருந்தது. கடலூரைத் தாண்டி இருக்கிறதே பரங்கிப்பேட்டை, அங்கேதான்!

மீனுக்கும் நண்டுக்கும் பேர்போன அந்த ஊரில், 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பு ஆலை தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவர். இரும்புத் தாது சேலத்திலிருந்து வந்தது. உருக்கிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனது. வேல்ஸில் 1850-ல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்துக்கும் அந்த இரும்பு பயன்பட்டதாகப் பழைய அரசுப் பதிவுகள் சொல்கின்றன.

அப்புறம் ஏன் மூடினார்கள்? உலை எரிய மரக்கரி வேண்டும். சுற்று வட்டார மரங்கள் வெட்ட வெட்டத் தீர்ந்தன. கரிக்கு இன்னும் தூரம் போக வேண்டியதாயிற்று, செலவும் ஏறியது. இங்கிலாந்திலோ நிலக்கரியில் உருக்கிய இரும்பு மலிவாகக் கிடைத்தது. ஹீத் 1851-ல் காலமானார். 1860-களில் ஆலையும் அணைந்தது.

ஸ்காட்லாந்தில் போனாவ் என்று ஒரு சின்ன ஊர். அங்கும் 1753-ல் மரக்கரி உலை ஒன்று தொடங்கினார்கள். அங்கே மரத்தை வேரோடு எடுக்காமல் அடியில் வெட்டி, மறுபடி துளிர்க்கவிட்டு, பல வருடங்கள் கழித்துத் திரும்ப வெட்டினார்கள். உலை 1876 வரை ஓடியது. 120 வருடங்களுக்கு மேல்! இன்று அந்த உலையை நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள்.

நம்ம பரங்கிப்பேட்டை கதை, பக்கத்திலிருக்கும் பாகூர், வில்லியனூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அரிவாள் தயாரானதும் கொல்லரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்தார். "அப்பவே அப்படித்தானா?" என்றவர், மிச்சமிருந்த கரியைத் தண்ணீர் தெளித்து அணைத்து, நாளைக்கு ஆகும் என்று கூடையில் அள்ளி வைத்தார்.

உங்கள் ஊரிலும் ஒரு பட்டறை இன்னும் எரிகிறதா? அடுத்த முறை போகும்போது, அந்தப் பெரியவர் பேச்சை போனில் பதிவு செய்துவையுங்கள்.