கடையடைப்பும் நாலு மூட்டை வெண்டைக்காயும்



கொஞ்ச நாளைக்கு முன்னாடி விடியக்காலம் நாலு மூட்டை வெண்டைக்காயை வண்டியில போட்டுக்கிட்டு டவுனுக்குப் போனேன். மண்டி பூட்டியிருந்துச்சு. வணிகர் சங்கம் கடையடைப்பாம். டவுன்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க, நம்ம ஊருக்குச் சேதி வரலை. வெண்டைக்காய் மறுநாள் வரைக்கும் வச்சிருந்து விக்கிற சரக்கு இல்லை. பறிக்காம விட்டா செடியிலயே முத்திப்போகும். பறிச்சுட்டா மூட்டையில வதங்கிப்போகும். பாதியை மாட்டுக்குப் போட்டேன். வண்டி வாடகை கைக்காசு.

அன்னைக்குச் சாயங்காலம் எங்க ஊர் மளிகைக்கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். அவர் கோபப்படலை. பற்று நோட்டை எடுத்து என் பக்கத்தைக் காட்டினாரு. தை மாசம் வெங்காயம் எடுத்ததும் தர்றேன்னு சொல்லி வாங்கின சாமான் எல்லாம் அதுல இருக்கு. "பெரிய கம்பெனிக் கடை வந்து நான் மூடிட்டுப் போனா, இந்த நோட்டை யாருண்ணே வச்சிருப்பா?"ன்னாரு. பதில் சொல்ல முடியலை.

யோசிச்சுப் பார்த்தா, அவங்க சங்கம் கேக்கிறதுல நமக்கும் பங்கு இருக்கு. 2012-ல சில்லறை வணிகத்துல 51 சதவீதம் அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு கதவைத் திறந்தப்போ நாடு முழுக்கக் கடையை அடைச்சாங்க. தமிழ்நாட்டு அரசும் இங்க விடமாட்டோம்னு சொல்லுச்சு. 2017-ல ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிஞ்ச சூட்டோட, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விக்கமாட்டோம்னாங்க. வெள்ளையன் தலைமையில இருந்த பேரவையும், விக்கிரமராஜா தலைமையில இருக்கிற பேரமைப்பும் தனித்தனி அமைப்பு, ஆனா அன்னைக்கு ஒரே பக்கம் நின்னாங்க. அந்தப் பாட்டில் அப்புறம் கடைக்குத் திரும்பி வந்துருச்சு, அதையும் மறைக்கக்கூடாது. ஆனாலும் நிலத்தடித் தண்ணியைப் பத்திப் பெட்டிக்கடையில பேச்சு வந்துச்சே, அது சின்ன விஷயம் இல்லை.

2022 ஜூலை 18-ல இருந்து 25 கிலோ வரைக்கும் பை போட்டு லேபிள் ஒட்டின அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்துச்சு. வணிகர்கள் எதிர்த்தாங்க. வரி போகலை. உடனே 26 கிலோ மூட்டை கடைக்கு வந்துச்சு! நீங்களும் வாங்கியிருப்பீங்க. ஆனா கூலி வேலைக்குப் போற வீட்டுல 26 கிலோவை ஒரே தடவையா எப்படி வாங்குவாங்க? அஞ்சு கிலோ, பத்து கிலோ பை வாங்குறவங்க தலையிலதான் அந்த வரி விடியுது.

என் கருத்து இதுதான். சங்கம்னா உறுப்பினருக்கு மட்டும் கேக்கக்கூடாது. அந்தக் கடையை நம்பி இருக்கிற ஊருக்கும் சேர்த்துக் கேக்கணும். பெரம்பலூர் 1995-ல மாவட்டம் ஆச்சு, இன்னும் ரயில் இல்லை. ரயில் ஏறணும்னா சுமார் 30 கிலோமீட்டர் தாண்டி அரியலூர் போகணும். ரயில் வேணும்னு வியாபாரியும் கேக்குறாரு, விவசாயியும் கேக்குறாரு, ஆனா ஆளுக்கொரு மனுவா குடுக்கிறோம். ஒரே மனுவுல கடைக்காரர் கையெழுத்துக்குக் கீழே வெங்காயக்காரன் கையெழுத்தும் இருந்தா கனம் கூடுமா, கூடாதா?

எங்க பக்கமும் தப்பு இருக்கு. கட்சிக்கு ஒண்ணு, தாலுகாவுக்கு ஒண்ணுன்னு விவசாயச் சங்கம் வச்சிருக்கோம். சந்தா கட்டச் சொன்னா ஒளிஞ்சுக்கிறோம். வியாபாரி மே 5-ஆம் தேதியை வணிகர் தினம்னு கடையை அடைச்சுட்டு மாநாட்டுக்குப் போறாரு. அந்தக் கட்டுப்பாடு நமக்கு இல்லை.

சங்கத்துக்காரங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். கடையடைப்புன்னா பாலுக்கும் மருந்துக்கும் விலக்கு குடுக்கிறீங்க. காய்கறி மண்டியையும் காலை எட்டு மணி வரைக்கும் திறந்து விடுங்க. மூணு நாள் முன்னாடி கிராமத்துக்கும் சொல்லிவிடுங்க. உங்களுக்கு ஒரு நாள் ஷட்டரை இறக்கி வைக்க முடியும். என் செடிக்கு ஷட்டர் இல்லையே.

அப்படிச் செஞ்சீங்கன்னா, அடுத்த கடையடைப்புக்கு நானும் உங்க பந்தல்ல வந்து உக்காருறேன். பற்று நோட்டுல என் பேரும் இருக்குல்ல.