பொடிதானே என்று அள்ளிக் கொடுக்கலாமா?

மார்கழிப் பனி இறங்கிவிட்டால், தர்மபுரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம். வத்தல்மலை, சித்தேரி மலைப் பக்கம் கேட்கவே வேண்டாம். குழந்தை இரவெல்லாம் இருமினால், பெற்றவளுக்குத் தூக்கம் ஏது?

கடையில் ஒரு பாட்டில் மருந்து வாங்கிக் கொடுப்போம் என்றால், இப்போது அதற்கும் பயம். 2025-ம் ஆண்டு நடந்ததை யார் மறக்க முடியும்? காஞ்சீபுரம் மாவட்டத்தில் தயாரான "கோல்ட்ரிப்" என்ற இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். அதில் "டைஎத்திலீன் கிளைக்கால்" என்ற நஞ்சு கலந்திருந்தது. தமிழக அரசு அந்த மருந்தைத் தடை செய்தது.

"பாட்டிலே வேண்டாம். பாட்டி காலத்துப் பொடி போதும்" என்று சொல்லத் தோன்றுகிறது. நியாயந்தான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. பொடியும் மருந்துதான்!

பொடியில் என்ன இருக்கிறது?

ஆயுர்வேத தாளிசாதி சூரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாளிசபத்திரி 1 பங்கு, மிளகு 2, சுக்கு 3, திப்பிலி 4, மூங்கிலுப்பு 5. ஏலமும் லவங்கப்பட்டையும் அரை அரைப் பங்கு. ஆக 16 பங்கு. இதற்குச் சேரும் சர்க்கரை 32 பங்கு!

அதாவது, மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. நீரிழிவு உள்ள தாத்தா இதைக் கரண்டி கரண்டியாகத் தின்றால் என்ன ஆகும்? வயிற்றுப்புண் உள்ளவருக்கு மிளகும் திப்பிலியும் எரிச்சல் தரும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாமல் தொடக்கூடாது.

தாய்மார்கள் கவனத்துக்கு

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனில் குழைத்துக் கொடுக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். உலர்ந்த பொடியை நாக்கில் தூவவும் வேண்டாம். புரை ஏறிவிடும்.

சந்தையில் பெயர் இல்லாமல் கட்டித்தரும் பொட்டலம் வேண்டாம். டப்பாவில் லைசென்சு எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அளவை வைத்தியரிடம் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவும் இருக்கிறது.

பொடிக்கு அடங்காத இருமல்

குழந்தை அழாமல் இருக்கும்போது மூச்சை எண்ணுங்கள். ஒன்று முதல் 5 வயது வரை, நிமிஷத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால், 50. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பெரியவர்களுக்கு 2 வாரம் இருமல் நீடித்தால், காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம்.

பொடி மேல் குற்றம் இல்லை. அளவு தெரியாமல் அள்ளும் கை மேல்தான் குற்றம்.

"மருந்தும் விருந்தும் மூன்று நாள்" என்றார்கள் பெரியவர்கள். மூன்று நாளில் குணம் தெரியாவிட்டால், டப்பாவை மூடுங்கள். டாக்டரிடம் போங்கள்!