ஏல நாற்றுக்கு அவசரம் ஆகாது

புரட்டாசியில் விதைத்த ஏல நாற்று, அடுத்த ஆனி பிறக்கும்போது ஒன்பது மாதக் கன்றாக இருக்கும். அதைப் பிடுங்கி நடுவதா, இன்னும் ஓராண்டு நாற்றங்காலில் வைத்திருப்பதா என்பதுதான் சிலமலை, போடி வட்டாரத்தில் மலைமேல் தோட்டம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் முன் உள்ள கேள்வி. 2024ஆம் ஆண்டுக் கோடை வறட்சியில் ஏலமலைத் தோட்டங்கள் பெருமளவு காய்ந்தபின், காலி இடத்தை உடனே நிரப்பிவிடும் அவசரம் பலருக்கு வந்திருக்கிறது. இந்த அவசரம் நல்லதல்ல.

கர்நாடகத்தில் பத்து மாத நாற்றை நடுகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 18 முதல் 22 மாத நாற்றே பரிந்துரைக்கப்படுகிறது. முதல் நாற்றங்காலில் நான்கைந்து இலை விட்ட கன்றை இரண்டாம் நாற்றங்காலுக்கு மாற்றி வளர்த்தால், கிழங்கு பருத்துப் பக்கக் கன்றுகள் வெடிக்கும். வரும் கோடையைத் தாங்குவது இந்தக் கிழங்குதான். இளங்கன்றில் அந்தச் சேமிப்பு இல்லை. அது பட்டுப்போனால் நாற்று, குழி, கூலி மூன்றும் நஷ்டம். காத்திருக்க மறுத்த ஓராண்டும் சேர்ந்தே போகிறது.

"பக்கக் கன்றைப் பிரித்து நட்டால் ஓராண்டு முன்னதாகவே காய்க்குமே" என்று கேட்கலாம். காய்க்கும். ஆனால் தாய்த்தூரில் கட்டே என்னும் தேமல் நோய் இருந்தால் அதுவும் கூடவே வந்துவிடும். விதை வழியே இந்நோய் பரவுவதில்லை. எனினும் அசுவினி பரப்பும் நோய் என்பதால், நோய் கண்ட பழைய தோட்டத்தின் அருகே நாற்றங்கால் போடலாகாது.

வயது சரியாக இருந்தாலும், நடும் நாளை நாட்காட்டி பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. சித்திரை, வைகாசி மழையில் குழி எடுத்து, மேல்மண்ணும் மக்கிய உரமும் இட்டு வைக்க வேண்டும். ஜூனில் மழை நிலைத்து, குழிமண் அடிவரை நனைந்தபின், மேகமூட்டமும் சாரலும் உள்ள நாளில் நட வேண்டும். முதல் தூறலை நம்பி நட்டு, பின் பத்து நாள் வெயில் அடித்தால் கன்று வாடும். கனமழையில் நீர் தேங்கும் பள்ளத்தில் நட்டால் கிழங்கு அழுகும். ஐப்பசி மழைக்கு என்று தள்ளிப்போட்டால், வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதமே கிடைக்கும். தை பிறந்தால் வறட்சி தொடங்கிவிடும்.

கழுத்தளவுக்கு மேல் மண்ணில் புதைத்து நடக்கூடாது; புதுக் குருத்து வெளிவராமல் தடைப்படும். காற்றில் ஆடாதபடி குச்சி நட்டுக் கட்டி, சருகு மூடாக்கு இட வேண்டும். நிழல் இல்லாத இடத்தில் முதலில் நிழல் மரத்தை வளர்க்க வேண்டும்.

2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனது. விலை ஏறும், இறங்கும். அதைப் பார்த்து நாற்றின் வயதைக் குறைத்துக்கொள்ள முடியாது. இரண்டாம் ஆனிவரை பொறுத்து நடும் விவசாயிக்கே தோட்டம் நிலைக்கும்.