அந்த அஞ்சு மார்க் யாரோடது?



உங்க காலேஜ் பையைக் கொஞ்சம் திறந்து பாருங்க. செமஸ்டர் நோட்ஸ், சார்ஜர், பாதி தின்ன பிஸ்கட் பாக்கெட்... இதுக்கெல்லாம் நடுவுல ஒரு பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் எட்டிப் பார்க்குதா? அப்போ இந்த வாரம் உங்களுக்குத்தான்!

சாயங்காலம் ஆனா மொட்டை மாடியிலோ, திண்ணையிலோ நாலு வாண்டுகளை உட்காரவெச்சு ட்யூஷன் எடுக்கிற காலேஜ் ஸ்டூடன்ட் நம்ம ஊர்ல தெருவுக்கு ஒருத்தராவது இருப்பாங்க. பஸ் காசு, பரீட்சை ஃபீஸ், எப்பவாவது ஒரு பிரியாணி... எல்லாம் அந்தக் காசுலதான் ஓடும். நானும் அந்தக் கோஷ்டிதான். வேலூர்ல பி.எஸ்ஸி. கணக்கு ரெண்டாவது வருஷம் படிச்சப்போ, ஹவுஸ் ஓனர் ஆன்ட்டியோட மொட்டை மாடியில ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை ட்யூஷன். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை மொத்தம் ஒன்பது பசங்க. எல்லா சப்ஜெக்ட்டும் நானேதான்!

கணக்கு ஓகே. அறிவியல், சமாளிச்சுடலாம். சமூக அறிவியல்தான் பேஜார். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல்னு நாலு புத்தகத்தை ஒரே அட்டைக்குள்ள திணிச்ச மாதிரி இருக்கும். நான் என்ன பண்ணுவேன்? முன்னாடியே படிச்சிட்டுப் போக மாட்டேன். பத்தாவதுல நாம படிச்சதுதானேன்னு ஒரு தெனாவட்டு. மாடிப்படி ஏறும்போது பாடத் தலைப்பைப் பார்ப்பேன். அவ்வளவுதான் தயாரிப்பு.

ஒருநாள் 1806 வேலூர் புரட்சி பாடம். ஒரு பையன் இருந்தான். பேர் வேண்டாம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறார், அம்மா ஷூ கம்பெனியில வேலை. படிப்புல சுமார்தான், ஆனா கேள்வி கேக்குறதுல சூரப்புலி.

"அண்ணா, நம்ம கோட்டையில சிப்பாய்ங்க எதுக்குண்ணா சண்டை போட்டாங்க?"

மறுநாள் எனக்கு இன்டர்னல் டெஸ்ட். மண்டை முழுக்க இன்டக்ரேஷன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "துப்பாக்கித் தோட்டாவுல மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருந்தாங்கடா. அதைப் பல்லால கடிச்சுத்தான் பிரிக்கணும். அதான் கோபம்"னு பல்லால கடிச்சுக் காட்டி ஆக்‌ஷனோட சொன்னேன். பசங்க வாயைப் பொளந்துகிட்டுக் கேட்டாங்க.

அவன் மட்டும் புத்தகத்தைப் பார்த்துட்டு, "ஆனா இதுல தலைப்பாகைன்னு என்னமோ போட்டிருக்கேண்ணா"ன்னான்.

"அது சின்னக் காரணம்டா. மெயின் மேட்டர் தோட்டாதான். எழுதிக்கோ."

எழுதிக்கிட்டான்.

வரலாறு தெரிஞ்சவங்க இப்போ தலையில அடிச்சுக்குவீங்க. தோட்டா விவகாரம் 1857-ல் நடந்த பெரும் புரட்சியோட கதை. அந்த என்ஃபீல்டு துப்பாக்கியே 1853-ம் வருஷத்து மாடல்! வேலூர்ல நடந்தது வேற. நெத்தியில சமயக் குறி இருக்கக் கூடாது, காதுல கடுக்கன் போடக் கூடாது, தாடியை எடுக்கணும்னு கம்பெனி ராணுவத்துல உத்தரவு போட்டாங்க. தோல் பட்டையம் வெச்ச, வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி இருந்த புதுத் தலைப்பாகையை மாட்டச் சொன்னாங்க. மாட்டேன்னு மறுத்தவங்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடியே கோட்டைக்குள்ள வெடிச்சது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோட வந்து அன்னிக்கே அடக்கிட்டார். கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்துல குடியிருந்த எனக்கு இது தெரியலை!

அரையாண்டுத் தேர்வு வந்தது. அஞ்சு மார்க் கேள்வி: வேலூர் புரட்சிக்கான காரணங்களை எழுதுக. நம்ம பையன் ஒரு பக்கம் முழுக்க தோட்டா, கொழுப்பு, பல்லால கடிச்சதுன்னு அப்படியே நான் சொன்னதை எழுதி வெச்சிருக்கான். தேதி சரியா இருந்ததால ஒரு மார்க். மொத்தம் 32. பாஸ் மார்க் 35!

கிளாஸ்ல டீச்சர் பேப்பரைத் தூக்கிக் காட்டி, "வேலூர்லயே பொறந்துட்டு வேலூர் புரட்சி தெரியலை. யார்டா உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"ன்னு கேட்டிருக்காங்க. மொத்தக் கிளாஸும் சிரிச்சிருக்கு. அவன் தலையைக் குனிஞ்சுகிட்டு நின்னானே தவிர, என் பேரைச் சொல்லவே இல்லை. இதை எங்கிட்ட சொன்னதும் அவன் இல்லை, கூடப் படிக்கிற இன்னொரு பையன். "அவங்க அப்பா, ஃபெயிலானா மெக்கானிக் ஷெட்டுக்குப் போன்னு சொல்லிட்டாருண்ணா."

அந்த ராத்திரி சாப்பாடு இறங்கலை ஃப்ரெண்ட்ஸ். அவன் புத்தகத்தைப் படிச்சிருந்தான். சரியான பதில் அவன் கண் முன்னாடி அச்சுல இருந்தது. ஆனா அண்ணா சொன்னாரேன்னு புத்தகத்தை விட்டுட்டு என்னை நம்பினான். அந்த மூணு மார்க்கைத் தட்டிப் பறிச்சவன் நான்.

இங்க ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். பெரிய பசங்க சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது நம்ம மண்ணுல இன்னிக்கு நேத்து வந்த பழக்கம் இல்லை. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்துல வாத்தியாருக்கு அடுத்த இடம் சட்டாம்பிள்ளைக்கு. மூத்த மாணவன். மணல்ல விரலால எழுத்து எழுத இளசுகளைப் பழக்குறது அவன் வேலை. 1789-லிருந்து மெட்ராஸ்ல ராணுவ அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியைக் கவனிச்ச ஆண்ட்ரூ பெல்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் இந்தத் திண்ணைப் பள்ளி முறையைப் பார்த்து அசந்து, தன் பள்ளியிலும் பெரிய பசங்களை விட்டே சின்னப் பசங்களுக்குப் பாடம் எடுக்க வெச்சார். ஊருக்குத் திரும்பி 1797-ல் லண்டன்ல அதைப் புத்தகமாவும் போட்டார். 'மெட்ராஸ் முறை'ன்னு பிரிட்டன்ல அது பிச்சுக்கிட்டுப் பரவுச்சு. பெல் விட்டுட்டுப் போன பணத்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல 1833-ல் திறந்த பள்ளிக்கூடத்துக்கு இன்னிக்கும் பேர் 'மெட்ராஸ் காலேஜ்'! ட்யூஷன் எடுக்கிற நீங்க எல்லாம் சட்டாம்பிள்ளை பரம்பரை பாஸ், காலரைத் தூக்கி விட்டுக்கோங்க.

ஆனா அந்த முறையில ஒரு ஓட்டையும் இருந்தது. சட்டாம்பிள்ளைக்கு என்ன தெரியுமோ அதுதான் அடுத்தவனுக்குப் போகும். அவன் தப்பா மனப்பாடம் பண்ணியிருந்தா, கீழே இருக்கிற பத்துப் பேரும் அதே தப்பைக் கோரஸா பாடுவாங்க. கணக்குல தப்பாச் சொன்னா மாட்டிக்குவோம். புத்தகத்தோட கடைசிப் பக்கத்து விடையோட ஒத்துப் போகாது, அப்பவே குட்டு உடைஞ்சிடும். வரலாறுல தப்பாச் சொன்னா எந்த மணியும் அடிக்காது. நல்ல கதை மாதிரி சுகமா மண்டையில உட்கார்ந்துடும். என் தோட்டாக் கதை அப்படித்தான் ஒன்பது மண்டையில உட்கார்ந்திருந்தது.

மறுநாள் ட்யூஷன்ல முதல் வேலையா, "நான் சொன்னது தப்புடா"ன்னேன். எட்டாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி கெக்கேபிக்கேன்னு சிரிச்சா. சரி, சிரிக்கட்டும். அதோட விடலை, அந்தப் பையன் வீட்டுக்கும் போனேன். லோடு ஆட்டோவைத் துடைச்சுகிட்டிருந்தார் அவங்க அப்பா.

"அண்ணே, அவன் அந்தக் கேள்வியைத் தப்பா எழுதலை. நான்தான் தப்பாச் சொல்லிக் கொடுத்தேன். அது மட்டும் இல்லைன்னா பாஸ் ஆகியிருப்பான்."

அவர் துணியைக் கீழே வெச்சுட்டு என்னையே பார்த்தார். "காசு வாங்கிக்கிட்டுத்தானே தம்பி சொல்லிக் குடுக்குறீங்க?"

பதில் இல்லை என்கிட்ட.

கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, மார்ச் மாசம் வரைக்கும் படிக்கட்டும். இனிமே நீங்களும் படிச்சுட்டு வாங்க"ன்னார். விஷயம் தெரு முழுக்கப் பரவி, அந்த எட்டாவது பொண்ணையும் அவ தம்பியையும் வேற ட்யூஷனுக்கு மாத்திட்டாங்க. மாசக் காசுல ரெண்டு தலை அவுட். அவங்க மேல எனக்குக் கோபமே வரலை. நானா இருந்தாலும் மாத்தியிருப்பேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை மிச்சம் இருந்த ஏழு பேரையும் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனேன். அவங்களுக்கு அது பட்டம் விடுற இடம், ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிற இடம், அகழியில மீன் பார்க்கிற இடம். மதில் மேல உட்காரவெச்சு, இந்தத் தடவை ராத்திரி முழுக்கப் படிச்சுட்டு வந்ததைச் சொன்னேன். திப்பு சுல்தான் 1799-ல் இறந்த பிறகு அவரோட பிள்ளைகளைக் கொண்டுவந்து வெச்சிருந்தது இங்கதான், புரட்சி அடங்கின பிறகு அவங்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிட்டாங்க, கவர்னர் பென்டிங்க், தளபதி கிரடாக் ரெண்டு பேரையும் பதவியிலிருந்து திரும்பக் கூப்பிட்டாங்க, தலைப்பாகை உத்தரவும் வாபஸ்... இப்படி. கடைசியா, "வேலூர் 1806 ஜூலை 10. மீரட் 1857 மே 10. ரெண்டும் பத்தாம் தேதி. மாத்தி எழுதிடாதீங்க, நான் மாத்திச் சொன்ன மாதிரி"ன்னேன்.

நம்மாளு அகழியையே பார்த்துகிட்டிருந்தான். அப்புறம் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி:

"ஏண்ணா, இங்க தலைப்பாகையில தோலை வெச்சு இவ்வளவு பெரிய சண்டை வந்துச்சு. அம்பது வருஷம் கழிச்சு மறுபடியும் தோட்டாவுல கொழுப்பைக் கொண்டுவந்து வெச்சிருக்காங்களே... அவங்களுக்கு யாருமே இந்தப் பாடத்தை எடுக்கலையா?"

சிலிர்த்துடுச்சு ஃப்ரெண்ட்ஸ். நான் குழப்பி அடிச்ச ரெண்டு சம்பவத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எந்த நோட்ஸ்லயும் இல்லாத கேள்வியைக் கேட்டுட்டான். 32 மார்க் பையன்! "தெரியலைடா. படிச்சுட்டு வந்து சொல்றேன்"னேன். அந்த மொட்டை மாடி வாத்தியார் வாழ்க்கையில நான் முதல் முதலா சொன்ன 'தெரியலை' அதுதான்.

பொதுத் தேர்வுல அவனுக்கு சமூக அறிவியல்ல 61. மாநில ஃபர்ஸ்ட் எல்லாம் இல்லை. ஆனா ப்ளஸ் ஒன் சேர்ந்தான். மெக்கானிக் ஷெட் பக்கம் பைக் டயருக்குக் காத்து அடிக்க மட்டும்தான் போறான்.

சரி, ட்யூஷன் எடுக்கிற உங்களுக்கு, அடிபட்டவன் சொல்ற நாலு விஷயம்:

* நடத்தப்போற பாடத்தை அதுக்கு முந்தின நாள் முழுசா ஒரு தடவை படிங்க. நீங்க படிச்ச வருஷத்துப் புத்தகத்தை நம்பாதீங்க. பாடத்திட்டம் மாறியிருக்கும்.

* ஒரு 'தெரியலை நோட்டு' போடுங்க. பதில் தெரியாத கேள்வியை அதுல எழுதி, மறுநாள் தேடிப் பிடிச்சுச் சொல்லுங்க. பசங்க முன்னாடி மானம் எல்லாம் போகாது. அண்ணனே தேடிப் படிக்கிறார்னு அவங்களும் தேட ஆரம்பிப்பாங்க.

* வருஷங்களை வரிசையா மனப்பாடம் பண்ண வைக்காதீங்க. சுவர்ல ஒரு கயிறு கட்டி, வருஷத்தைச் சீட்டுல எழுதித் தொங்க விடுங்க. 1806-க்கும் 1857-க்கும் நடுவுல இருக்கிற தூரம் கண்ணுக்குத் தெரிஞ்சா மாத்தி எழுத மாட்டாங்க.

* "புக்ல வேற மாதிரி இருக்கே"ன்னு ஒரு பையன் சொன்னா, உடனே புக்கை வாங்கிப் பாருங்க. அவன் உங்களை மடக்கல. உங்களைக் காப்பாத்துறான்.

இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க மொட்டை மாடியிலயும் ஒரு நோட்டு திறந்திருக்கும். நீங்க என்ன சொன்னாலும் அப்படியே எழுதிக்குவான் ஒருத்தன். மாடி ஏறுறதுக்கு முன்னாடி பாடத்தைப் பார்த்துட்டீங்கதானே?

அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!