சிறுவர் இதழில் சிறுவருக்கு இடம் எங்கே?

பத்திரிகையில் சிறுவர் பகுதிக்குப் பக்கம் கட்டிய நாட்களில் நான் ஒரு தவறைப் பலமுறை செய்தேன். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால், சிறுவர் எழுதி அனுப்பியவற்றையே முதலில் நீக்குவேன். அவர்கள் முறையிட வரமாட்டார்கள் என்ற துணிவுதான் காரணம்.

இங்கிலாந்தில் 1969இல் தொடங்கிய 'ஷூட்' என்ற உதைபந்தாட்ட வார இதழைப் பற்றி எண்ணும்போது அத்தவறு உறைக்கிறது. பருவத் தொடக்கத்தில் அதனுடன் ஓர் அட்டை இணைப்பாக வரும். கழகங்களின் பெயர் பொறித்த சிறு துண்டுகளை, ஆட்ட முடிவுகளுக்கேற்ப, அதிலுள்ள கீறல்களில் சிறுவர்களே இடம் மாற்றிச் செருகலாம். தரவரிசையை அவர்கள் வெறுமனே வாசிக்கவில்லை. தம் கையாலேயே அமைத்தார்கள். சிறுவர் இதழின் வடிவமைப்பு என்றால் அதுதான். வண்ணமும் பளபளப்பும் அதற்கு அடுத்தவை.

ஆனால், அந்த உலகம் பையன்களுக்கானது. தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதற்கு இங்கிலாந்துச் சங்கம் 1921இல் விதித்த தடை, அவ்விதழ் பிறந்தபோதும் நீங்கியிருக்கவில்லை. அதே நாட்டின் மகளிர் அணி 2022இலும் 2025இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது.

ஆகவே, இன்று இத்தகைய இதழை வடிவமைப்போருக்கு இரண்டு சொல்வேன். வீராங்கனைகளை மூலைப் பெட்டிச் செய்தியில் ஒதுக்காதீர்கள். சுவரில் ஒட்டும் நடுப்பக்கப் படத்தை அவர்களுக்கும் முறைவைத்துக் கொடுங்கள். விளம்பரங்களுக்கு இடம் ஒதுக்குமுன் வாசகச் சிறுவரின் பக்கத்தை ஒதுக்கிவிடுங்கள். சிறுவர் முறையிட வரமாட்டார்கள்தான். அடுத்த இதழை வாங்கவும் வரமாட்டார்கள்.