காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் மக்கள் சொல்லுவதுண்டு. இப்படி வாயால் சொல்லுகின்றவர்களே, காரியத்தில் வரும்போது, காக்கைதான் பழத்தைத் தள்ளிற்று என்று சத்தியம் செய்கின்றார்கள். ஒன்றுக்குப் பின் மற்றொன்று நடந்தால் முன்னதே பின்னதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடுவது, படித்தவர் பாமரர் என்கின்ற வித்தியாசமில்லாமல் எல்லோரிடத்திலும் காணப்படும் பிழையாகும். இதனால் பனம்பழம் மாத்திரம் போவதாயிருந்தால் நாம் எழுதவேண்டிய அவசியமே இல்லை. உயிரல்லவா போகின்றது!

பாம்புக்கடி மந்திரத்தை எடுத்துக்கொள்ளுவோம். “மந்திரித்துப் பிழைத்தவர்கள் எங்கள் ஊரில் பத்துப் பேர் இருக்கின்றார்களே, இதற்கென்ன சொல்லுகின்றீர்?” என்று கேட்கின்றார்கள். அவர்கள் பிழைத்ததை நாம் மறுக்கவில்லை. மந்திரத்தால் பிழைத்தார்கள் என்பதற்கு ருசு எங்கே என்றுதான் கேட்கின்றோம். இந்தியாவிலுள்ள 300-க்கு மேற்பட்ட பாம்பு வகைகளில் சுமார் 60 வகைகளே விஷமுள்ளவை. சாரையோ தண்ணீர்ப்பாம்போ கடித்தவன் மந்திரித்தாலும் பிழைப்பான், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பான். நல்ல பாம்பே கடித்தாலுங்கூடச் சில சமயங்களில் விஷம் உடம்பில் ஏறுவதில்லை.

அன்றியும், பிழைத்தவன் சாட்சி சொல்ல வருகின்றான். செத்தவன் எப்படி வருவான்? கட்டுவிரியன் இரவில் தூங்குகின்றவனைக் கடிக்கும். கடிவாயில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. “விஷம் இறங்கிவிட்டது” என்று மந்திரக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சில மணி நேரத்திற்குள் கண்ணிமை சரிந்து மூச்சு நின்றுபோகும். அப்போது கேட்டால், “வீட்டில் தீட்டு”, “விதி முடிந்தது” என்பார். பிழைத்தால் மந்திரம், செத்தால் விதி! எது நடந்தாலும் தோற்காத வாதம் எதையும் ருசுப்படுத்தாத வாதமேயாகும்.

“ஆஸ்பத்திரியிலும் சாகவில்லையா?” என்பார்கள். சாகின்றார்கள்தான். ஆனால் அங்கு பிழைத்தவர், செத்தவர் இருவரையும் கணக்கில் எழுதுகின்றார்கள். அக்கணக்கைக் கொண்டுதான் மருந்தின் யோக்கியதை நிர்ணயிக்கப்படுகின்றது. பாம்புகளை நன்கறிந்த இருளர்கள், 1978-ல் ஏற்பட்ட தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் விஷமெடுத்துக் கொடுப்பது இம்மருந்து செய்வதற்கேயாகும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கின்றார்கள். வருஷத்திற்குச் சராசரி 58,000 உயிர்கள்!

ஆகவே தோழர்களே, இனி யாராவது மந்திரத்தின் பெருமையைச் சொல்லவந்தால் மூன்றே கேள்விகள் கேளுங்கள். கடித்தது எந்தப் பாம்பு? மந்திரித்தது மொத்தம் எத்தனை பேருக்கு? அவர்களில் செத்தவர்கள் எத்தனை பேர்? இக்கேள்விகளைக் கடி விழுவதற்கு முன்பே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். கடி விழுந்தபின் விவாதம் வேண்டாம். கீறாமலும் இறுக்கிக் கட்டாமலும், கடிபட்ட அங்கத்தை அசையவிடாமல், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.