குழித்துறையின் பெயர்ப்பலகை

ஸ்ரீவராகத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறை நாளில் நாகர்கோவிலுக்குத் தொடர்வண்டியில் செல்வது வழக்கம். தொலைவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். 5 வயது நிரம்பாத குழந்தைக்குப் பயணச்சீட்டும் வேண்டா. ஆயினும், வண்டி நேமத்தைக் கடக்குமுன்பே அழும் குழந்தையின் கையில் பெற்றோர் கைப்பேசியைக் கொடுத்துவிடுகின்றனர். அழுகை நிற்கிறது, சன்னல் மறந்துபோகிறது.

இவ்வழக்கம் நன்றன்று. நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் பெயர்ப்பலகையில் மலையாள எழுத்தைக் கண்ட பிள்ளை, மாநில எல்லையைத் தாண்டிக் குழித்துறையை அடைந்ததும் தமிழ் எழுத்தைக் காண்கிறது. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்து ஊர் அது. அப்பெயரில் 'ழி' உண்டு, 'றை'யும் உண்டு. வகுப்பில் எழுதிப் பழகிய அவ்வெழுத்துகள் இங்கே ஓர் ஊரின் பெயராக நிற்கின்றன. பிள்ளை எழுத்துக்கூட்டி முடிக்குமுன் வண்டி நகர்ந்துவிட்டால், மீதியைத் தந்தை சொல்லிக்கொடுக்கலாம்.

பெற்றோரின் களைப்பும் உண்மையே. இடுப்பில் குழந்தையும் தோளில் சோற்றுப்பையுமாக ஏறிய தாய் சற்றே கண்ணயர விரும்புவாள். அவ்வேளையில் மூத்த பிள்ளை தம்பியை அருகில் அமர்த்தி, அடுத்து வரும் இரணியலின் பலகையைக் காட்டலாம். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். ஊர் சேர்ந்ததும் பாட்டியை அழைக்க அது வேண்டும்.